'லாம்' என்ற விகுதி

'அரசியல் அறிவியல்: படிப்பும் பணியும்' என்னும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்க அழைத்தமைக்கு நன்றி.

சேர்க்கை நாள்தோறும் ஒரு தகப்பனாராவது கேட்பார்: "சார், இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர் கேட்கத்தான் வேண்டும். நானும் ஒப்பிப்பேன்: குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண், 'நெட்' தேறினால் கல்லூரி ஆசிரியர் பணி, சட்டம், இதழியல், தேர்தல் ஆய்வு, தொண்டு நிறுவனம். பட்டியல் பொய்யில்லை. ஆனால் பொறியியல் படித்தவரும் நம் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்துத் தேர்வு எழுதுகிறார். அப்படியானால் மூன்றாண்டு நம்மிடம் உட்கார்ந்தவருக்கென்று கைவருவது எது?

ஓர் அக்டோபர் 2 அன்று மாணவர்களைக் கிராம சபைக்கு அழைத்துப் போயிருந்தேன். கூட்டம் கலைந்தபின் ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தைக் காட்டினார். ஒரு மாணவி பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். ஐந்து கூட்டங்களில் அதே மேல்நிலைத் தொட்டி, அதே வாசகம், கடைசியில் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது'. "அஞ்சு தடவ நிறைவேறியிருக்கே, தொட்டி எங்கங்க?" என்று கேட்டார். செயலர் சிரித்துவிட்டு, "பணம் மேலேருந்து வரணும்மா" என்றார்.

மறுநாள் வகுப்பில் அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று தேடினோம். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடப்பில் இருக்கிறது. பதினோராம் அட்டவணை 29 இனங்களைச் சொல்கிறது. குடிநீரும் அதில் ஒன்று. ஆனால் 243-ஜி பிரிவு, மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு அதிகாரம் 'வழங்கலாம்' என்றுதான் சொல்கிறது. இட ஒதுக்கீடு பற்றிய 243-டி பிரிவிலோ 'வேண்டும்' இருக்கிறது. அதனால்தான் பெண் தலைவர் நாற்காலிக்கு வந்துவிட்டார்; கையெழுத்திட்டுச் செலவழிக்கும் அதிகாரம் முழுதாக வந்து சேரவில்லை. அந்தத் தொட்டி ஒரு 'லாம்' விகுதியில் சிக்கிக் கிடந்தது.

இந்தக் கண்தான் நம் படிப்பின் பலன். அரசாணையைப் படிக்கும் செய்தியாளர், மனு எழுதும் வழக்கறிஞர், கோப்பில் குறிப்பு எழுதும் அலுவலர், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடும் களப்பணியாளர், எல்லாருக்கும் வேண்டியது இதுவே: யார் செய்தே தீர வேண்டும், யார் விரும்பினால் செய்யலாம் என்று பிரித்தறிவது.

நம் குறையையும் சொல்லிவிடுகிறேன். மத்திய–மாநில உறவை ஆராயத் தமிழக அரசு 1969இல் அமைத்த இராஜமன்னார் குழுவில் மூவர். இருவர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளாக இருந்தவர்கள். மூன்றாமவர் மருத்துவ மேதை ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1971இல் அவர்கள் தந்த அறிக்கையை இன்றும் நாம் பாடமாக நடத்துகிறோம். ஆனால் நம் துறைக்கே உரிய அந்தப் பொருளுக்கு நம் துறையிலிருந்து ஒருவரைத் தேட அரசுக்குத் தோன்றவில்லை. தேட வைக்கும்படி நாம் எழுதியிருந்தோமா என்பதே என் கேள்வி.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்பாடு எதுவானாலும் இருக்கட்டும்; நீங்கள் கையால் புரட்டிப் பார்த்த ஒரு பதிவேட்டையாவது இந்த மேடைக்குக் கொண்டுவாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.