பெட்டியில் போட்டிருக்கும் வயது

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களே, தாய்மாரே, பெரியோர்களே, பின்வரிசையில் இருந்து சத்தம் போடாமல் காட்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிற எங்கள் செல்வங்களே,

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். "பிள்ளைகளும் பொழுதுபோக்கும்" என்று தலைப்பும் தந்தவர். எல்லாப் பொழுதுபோக்கையும் பற்றிக் கதைக்க எனக்கு அறிவும் காணாது, நேரமும் காணாது. ஆகவே ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இப்போது பின்வரிசையில் செய்துகொண்டிருக்கிற அந்த வேலையைத்தான். பயப்பட வேண்டாம் பிள்ளைகளே, நான் பறிக்க வரவில்லை. ஒருமுறை பறித்தவன் என்றபடியால்தான் இன்று கதைக்க வந்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு முதலில் விளக்க வேண்டும். நாங்கள் விளையாடுகிற காட்ஸ் ஒரு கட்டு வாங்கினால் முடிந்தது. இது அப்படியல்ல. ஒவ்வொருவரும் சிறு பக்கற்றுகளாக வாங்கி, சேர்த்து, மாற்றி, தனக்கென்று ஒரு கட்டைத் தானே உண்டாக்க வேண்டும். பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்கும்வரை தெரியாது. போக்கிமொனில் ஒரு கட்டுக்கு 60 காட்ஸ். ஒரே பெயருள்ளது நாலுக்கு மேல் வைக்கக்கூடாது, சாதாரண சக்திக் காட்ஸ் மட்டும் எத்தனையும் வைக்கலாம். கையில் 7 எடுத்துத் தொடங்கி, 6 காட்ஸைப் பரிசாகக் குப்புற வைத்து, அவற்றை முதலில் எடுத்து முடிப்பவர் வெல்லுவார். வெல்ல வேறு வழிகளும் இருக்கின்றன. இவ்வளவும் எனக்கு என் பேத்தி படிப்பித்தது.

"இது சின்னப்பிள்ளைகளின் சாமான்தானே" என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த வகை விளையாட்டு தொடங்கிய கதை வேறு. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் உண்டாக்கிய 'மஜிக்: த கதரிங்' தான் இதற்கெல்லாம் மூத்தது. அவர் கணிதத்திலே கலாநிதிப் பட்டம் எடுத்தவர். (கணிதம் என்றவுடன் பெற்றோர் நிமிர்ந்து இருப்பதைக் காண்கிறேன்.) விளையாட்டு மாநாடுகளுக்கு வருகிற இளைஞர்களும் பெரியவர்களும், ஒரு பெரிய விளையாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையிலே கிடைக்கிற நேரத்தில் விளையாடுவதற்காகத்தான் அது செய்யப்பட்டது. அதன் பெட்டியிலே 13 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். பிறகு 1996இல் யப்பானிலே போக்கிமொன் காட்ஸ் வந்தது. 1999இல் அது அமெரிக்காவுக்குப் போய், அதோடு மேற்கு நாடுகள் எங்கும் பரவியது. அதே 1999இல் யப்பானிலே கொனாமி நிறுவனத்தின் யூ-கி-ஓ காட்ஸும் வந்தது. இவை இரண்டிலும் 6 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். அதோடுதான் இது பள்ளிக்கூட முற்றத்துக்கு இறங்கியது. பல நாடுகளிலே பள்ளிக்கூடங்கள் தடை போட்டன. அமெரிக்காவிலே சில பெற்றோர், இது பிள்ளைகளைச் சூதாட வைக்கிறது என்று 1999இல் வழக்கே போட்டார்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நான் 1985இல் ஜேர்மனிக்கு வந்தவன். மகன் 1988இல் இங்கே பிறந்தான். அவனுடைய வகுப்பிலே எல்லோரும் இந்தக் காட்ஸோடு திரிந்த காலத்தில் நான் பகலில் தொழிற்சாலையிலும், வெள்ளி சனி இரவுகளில் உணவகத்துக் குசினியிலும் நின்றேன். அவன் விளையாடுவதைக் கண்டதில்லை, காட்ஸை மட்டும் கண்டேன். 2001இல், அவனுக்கு 13 வயதாக இருக்கும்போது, கணிதத்தில் ஐந்து எடுத்துக்கொண்டு வந்தான். இங்கே ஐந்து என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அன்று இரவு அவனுடைய சப்பாத்துப் பெட்டியோடு இருந்த காட்ஸ் அவ்வளவையும் கொண்டுபோய்க் கடதாசிக் குப்பைக்குள் போட்டேன். "படம் வைச்சு விளையாடுற வயசே உனக்கு? வளந்திட்டாய்" என்று ஏசினேன். அவன் அழவில்லை. எதிர்த்துக் கதைக்கவும் இல்லை. அன்றிலிருந்து தன்னுடைய அறைக் கதவைச் சாத்தத் தொடங்கினான். கணிதம் பிறகு திருந்தியதுதான். கதவுதான் திறக்கவில்லை.

இப்போது அவனுக்குக் கலியாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் அவன் வீட்டுக்குப் போனபோது, அலுமாரியில் வரிசையாகக் கோவைகள். ஏதோ அலுவலகக் கடதாசி என்று நினைத்துத் திறந்தேன். எல்லாம் காட்ஸ்! சொந்தக்காரர் இரண்டு பேரும் கூட இருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இன்னும் சின்னப்பிள்ளையே நீ?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் அமைதியாகச் சொன்னான்: "அப்பா, 13 வயசிலை இதுக்கு வளந்திட்டாய் எண்டு சொன்னீங்கள். இப்ப 35 வயசிலை சின்னப்பிள்ளை எண்டுறீங்கள். அப்ப எந்த வயசு சரியான வயசு?"

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் ஊரிலே நாங்கள் யாருக்காவது வயது பார்த்தோமா? புத்தாண்டுக்குப் போர்த்தேங்காய் அடிக்கிற இடத்திலே பேரனும் நிற்பான், பேரனாரும் நிற்பார். முந்நூற்றி நாலு மட்டும் பெரியவர்களின் விளையாட்டு. செத்தவீட்டிலே இரவிரவாகப் பந்தலுக்குள் விளையாடுவார்கள். நாங்கள் சிறுவர்கள் பின்னால் நின்று பார்ப்போம், வாய் திறந்தால் கலைப்பார்கள். ஆனால் ஒரு கை குறைந்தால்? "டேய், இஞ்சை வா, இதிலை இரு." நான் முதல்முதல் பெரியவர்களோடு ஒரு மேசையில் இருந்தது அப்படித்தான், 14 வயதில், ஒரு கை குறைந்தபடியால். பிழையாகத் துரும்பு இறக்கி எங்கள் பெரியப்பாவிடம் ஏச்சு வாங்கினேன். அந்த ஏச்சு இன்றும் எனக்கு ஒரு பதக்கம் மாதிரி. ஏனென்றால் அது சிறுவனுக்கு விழுந்த ஏச்சல்ல, பங்காளிக்கு விழுந்த ஏச்சு.

என் மகனுக்கு அப்படி ஒரு கதிரையை நான் ஒருநாளும் இழுத்துப் போட்டதில்லை.

போன வருடம் பேத்தி, அவளுக்கு அப்போது எட்டு வயது, என்னைக் கேட்டாள்: "அப்பப்பா, பெட்டியிலை ஆறு வயசுக்கு மேலை எண்டு போட்டிருக்கு. உங்களுக்கு வயசு காணும். வாங்கோ." உண்மைதான். பெட்டியிலே கீழ் எல்லை இருக்கிறது, மேல் எல்லை இல்லை. 66 வயதில் இருந்து படித்தேன். முதல் ஏழு ஆட்டமும் தோற்றேன். என் தலைக்குள் முந்நூற்றி நாலு இருந்தபடியால், துரும்பு எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். காட்ஸில் எழுதியிருப்பதை அவள்தான் வாசித்துச் சொல்லுவாள். எனக்கு நாற்பது வருட ஜேர்மன், அவளுக்கு எட்டு வருட ஜேர்மன், ஆனாலும் சின்ன எழுத்து அவளுக்குத்தான் விளங்குகிறது.

பிறகு அவளோடு ஒரு கடையின் விளையாட்டு மாலைக்குப் போனேன். பிள்ளைகள் நிறைந்திருக்கும் என்று நினைத்துப் போனால், பிள்ளைகள் நாலு பேர். மற்றவர்கள் மாணவர்கள், வேலை முடிந்து அதே உடுப்போடு வந்தவர்கள், ஒரு தாயும் மகனும், என்னைப்போல் நரைத்த ஒரு ஜேர்மன்காரர். 1999இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று சொந்தச் சம்பளத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். 1978இல் பிறந்த ஜோன் ஃபின்கல் என்பவர் 2000ஆம் ஆண்டு மஜிக்கில் உலகச் சம்பியன். பிறகு ஒதுங்கியிருந்து, 2008இல் கோலாலம்பூரில் நடந்த பெரிய போட்டிக்கு வந்து அதையும் வென்றார். போக்கிமொன் போட்டிகளிலே வயதுப் பிரிவுகள் மூன்று. ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை ஒன்று, அதற்கு மேல் பதினாறு வரை இன்னொன்று, அதற்கும் மேற்பட்டவர்கள் எல்லோரும் மூன்றாவது. பதினேழு வயதுப் பெடியனும் எழுபது வயதுக் கிழவனும் ஒரே பிரிவு! எங்களுக்குப் பக்கத்து எசன் நகரிலே 1983இல் தொடங்கிய விளையாட்டுக் கண்காட்சிக்கு 2024இல் இரண்டு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். அங்கே போய்ப் பாருங்கள், வயது பார்க்க முடியாது.

ஜேர்மன்காரரும் எங்களைப் போலத்தான். தொழிற்சாலையில் இடைவேளைக்கு ஸ்காற் விளையாடுவார்கள். எங்கள் முந்நூற்றி நாலு மாதிரியே அதற்கும் 32 காட்ஸ், அதிலும் ஜாக்குக்குத்தான் மதிப்பு. ஐம்பது வயது மனுசன் காட்ஸ் பிடித்தால் அது பொழுதுபோக்கு, என் மகன் பிடித்தால் சின்னப்பிள்ளைத்தனமா? படம் இருப்பதுதான் குற்றமென்றால், எங்கள் ராசா ராணிக்கும் படம்தானே!

ஆனால் இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. பெற்றோர் கவனிக்க வேண்டிய காரியங்களும் உண்டு.

முதலாவது காசு. மூடின பக்கற்றை உடைக்கிற ஆசை லொத்தர் சுரண்டுகிற ஆசைக்குத் தம்பி முறை. பெரியவர்களுக்கே அடங்காது. 2020, 2021இல் கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்த பெரியவர்கள் பழைய காட்ஸைத் தேடி வாங்கத் தொடங்க, விலை எங்கோ போனது. 2021இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை, காட்ஸ் வாங்க வந்தவர்கள் வெளியில் அடிபட்டதால், கொஞ்சக் காலம் கடைக்குள் விற்பதையே நிறுத்தியது. அடிபட்டவர்கள் பிள்ளைகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். விளையாடத்தான் வேண்டுமென்றால், விளையாடத் தயாராக 60 காட்ஸோடு வருகிற பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். தேவையான காட்ஸைத் தனித்தனியாகவும் வாங்கலாம். பலது சில சதங்கள்தான். மாதத்துக்கு இவ்வளவு என்று பிள்ளையோடு இருந்து எழுதி வையுங்கள்.

இரண்டாவது மாற்றுதல். நாங்கள் நெருப்புப்பெட்டி மட்டை மாற்றிய காலத்திலும் பெரிய பெடியள் எங்களை ஏமாற்றினார்கள்தான். ஆனால் மட்டைக்கு விலை இல்லை. இதற்கு இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மினுங்கல்தான் பெறுமதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சந்தை விலை தெரியும். வயது வித்தியாசம் உண்மையில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பின்வரிசையிலே இருக்கிற மூத்த பிள்ளைகளே, சின்னவருக்கு விலையைச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அதுதான் பெரியபிள்ளைக்கு அழகு.

மூன்றாவது படிப்பு. விளையாட்டைப் பறித்தால் படிப்பு வரும் என்று நான் நினைத்தேன். மகனுக்குக் கணிதம் திருந்தியது, பிறகு ஒரு மாணவனிடம் தனியாகப் படிக்கவிட்டபடியால். காட்ஸைக் கொட்டினதால் அல்ல. நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள், பொருளை அழிக்காதீர்கள். பிள்ளை அதை வருடக்கணக்காகச் சேர்த்தது.

கடைசியாக ஒன்று. பேத்தியிடம் படித்ததற்குக் கூலியாக நான் அவளுக்கு முந்நூற்றி நாலு படிப்பித்தேன். ஜாக்கு முப்பது, ஒன்பது இருபது, ஆசு பதினொன்று, பத்து பத்து, ராசா மூன்று, ராணி இரண்டு. தமிழிலே எண்ணினால்தான் புள்ளி என்று சட்டம் வைத்தேன். நாலு வகையையும் கூட்டி, "அப்பப்பா, முந்நூற்றி நாலு சரியா வருது!" என்று துள்ளினாள். தமிழ்ப் பாடசாலையில் இருபதோடு நின்ற பிள்ளை அது.

அன்று நானும் அவளும் மருமகளும் இருந்தோம். நாலாவது கை இல்லை. மகன் தன்னுடைய அறையில் இருந்தான். நான் போய்க் கதவைத் தட்டி, "தம்பி, ஒரு கை குறையுது" என்றேன். இருபத்து நாலு வருடத்துக்குப் பிறகு. அவன் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பி வந்தான். இரவு ஒரு மணி வரை விளையாடினோம். பிழையாகத் துரும்பு இறக்கினான். வடிவாக ஏசினேன். சிரித்தான்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு, இந்த மண்டபத்தில் நாலு மேசை போட்டுத் தாருங்கள். இரண்டு மேசையில் பிள்ளைகள் எங்களுக்குப் படிப்பிக்கட்டும். மற்ற இரண்டிலும் நாங்கள் அவர்களுக்கு முந்நூற்றி நாலு படிப்பிப்போம். மண்டபம் கூட்டுகிற பொறுப்பை நான் ஏற்கிறேன்.

பெற்றோர்களே, வருகிற சித்திரைப் புத்தாண்டுக்கு உங்கள் பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுப்பீர்கள். அந்தக் காசில் பாதி காட்ஸ் கடைக்குத்தான் போகும், தடுக்க முடியாது. ஆனபடியால் காசோடு ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து, "இதை எப்படி விளையாடுறது?" என்று கேளுங்கள். அதற்குச் சரியான வயது என்று ஒன்று இல்லை. பிந்திய வயது என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கிட்டப் போய்த் திரும்பி வந்தவன் சொல்கிறேன்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.