கடைக்குப் பெயர் சூட்டுவோர்க்கு



மகவு பிறந்தால் பெயர் வைப்பதற்கு ஊரில் பத்துப் பேரைக் கேட்பவர்கள், கடை பிறந்தால் பலகை எழுதுபவரை மட்டுமே கேட்கின்றனர். அவரும் அண்டைத் தெருவில் எழுதிய பெயரையே சிறிது மாற்றி எழுதித் தந்துவிடுகிறார்.

கள்ளக்குறிச்சி என்னும் பெயரையே நோக்குங்கள். குறிஞ்சி நிலத்து ஊர்க்குக் குறிச்சி என்பது பழம்பெயர். மேற்கே கல்வராயன் மலை, அதன்மேல் வெள்ளிமலை. இப்பெயர்களை இட்டவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். 2019ஆம் ஆண்டில் இவ்வூர் மாவட்டத் தலைநகராயிற்று. இங்குப் புதுக்கடை திறப்பவர்க்கோ 'மெடிக்கல்சு', 'பேக்கரி', 'சூப்பர் மார்க்கெட்டு' என்பன தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் வழி 1948இல் விதிகள் வந்தன. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் பெரிதாகவும், ஆங்கிலம் அடுத்தும், பிறமொழி அதற்கடுத்தும் 5:3:2 என்னும் அளவில் அமைதல் வேண்டும் என்பது விதி. ஆயின் விதி எழுத்தைத்தான் அளக்கிறது, சொல்லை அளக்கவில்லை. 'சூப்பர் மார்க்கெட்டு' என்பதைத் தமிழெழுத்தில் ஐந்து பங்கு எழுதிவிட்டால் சட்டம் நிறைவேறிவிட்டது! தமிழுக்கு என்ன கிடைத்தது?

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழிறங்கி வரும் மலைவாழ் உழவரை எண்ணிப் பாருங்கள். கடுக்காயும் புளியும் தேனும் விற்று, மருந்தும் விதையும் வாங்க வருகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரே. பலகையில் ஒலி கிடைக்கிறது, பொருள் கிடைக்கவில்லை. 'மருந்தகம்' என்று எழுதியிருந்தால் வாயிலிலேயே நிற்காமல் உள்ளே வந்திருப்பார். மரவள்ளி விளையும் இப்பகுதியில், அடுக்களையில் சவ்வரிசி என்று சொல்லும் வீட்டாரே ஆலை வாயிலில் 'சேகோ' என்று எழுதுவதும் இவ்வகையே.

இனி, பெயரைத் தேர்வதெப்படி? மலைத்தேன் விற்க ஒருவர் கடை வைக்கிறார் என்க. 'கல்வராயன் மலைத்தேன்' என்பது அழகிய தமிழே. ஆயினும் 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி, பொருளின் வகையையோ தன்மையையோ விளையும் இடத்தையோ மட்டும் கூறும் பெயர், நெடுநாட் பயன்பாட்டால் தனிப்புகழ் பெற்றாலன்றி, ஒருவர்க்கே உரியதாகப் பதிவுபெறாது. அடுத்த கடைக்காரரும் அதையே எழுதலாம், தடுக்க இயலாது. அவ்வாறாயின் கழக இலக்கியத்தைப் புரட்டலாம் என்பார் புலவர். தேன்கூட்டிற்கு 'இறால்' என்பது பழஞ்சொல். இன்று அப்பெயரைப் பலகையில் கண்டவர் மீன் வாங்கப் பையொடு வருவர். 'தேறல்' என்று வைத்தாலோ காவலர் வருவர். பழமை மட்டும் போதாது. இன்றைய காதுக்கும் சொல் பொருந்த வேண்டும். மலைச்சரிவைக் குறிக்கும் 'அடுக்கம்' எத்துணை நல்ல பெயர்! தேனை நேரே சொல்லவில்லை. தேன் தொங்கும் இடத்தை நினைவூட்டுகிறது. பிறர் எழுதினால் கேட்கும் உரிமைக்கும் வழியுண்டு.

தமிழ்ப்பெயர் வைத்தால் வணிகம் நடவாது என்று அஞ்சுவார் 'ஆவின்' என்னும் பெயரை எண்ணுக. ஆவினுடையது என்னும் பொருள் தரும் மூன்றெழுத்துச் சொல் நாள்தோறும் வீட்டுவாயிலில் வந்து நிற்கிறது. அரசின் கைவினைப்பொருள் அங்காடிக்குப் 'பூம்புகார்' என்று பெயர். அதனால் வாங்குவோர் குறைந்தனரோ? 'அடுமனை' என்னும் சொல்லைக் கேட்டு முதலில் நகைத்தவரும் இன்று அங்கேயே உரொட்டி வாங்குகின்றனர்.

'இராயல்', 'இம்பீரியல்' என்று எழுதினால்தான் மதிப்பு என்பார்க்கு ஒன்று சொல்லலாம். கூட்டு வணிகத்திற்கான 1932ஆம் ஆண்டின் சட்டம், அத்தகைய சொற்களை மாநில அரசின் எழுத்து வழி இசைவின்றிப் பதிவுப் பெயரில் சேர்க்கக் கூடாது என்கிறது. அச்சட்டம் ஆண்டவன் வெள்ளையன் காலத்தது. அவன் தன் முடியின் பெயரை அத்துணை விழிப்பாகக் காத்தான்! தம் மொழிப் பெயரைக் காக்கத் தமிழர்க்கு அவ்விழிப்பில் பாதியேனும் வேண்டாவோ?

ஊர்ப்பெயர்க்கும் ஒரு விலையுண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அது தனியொருவர் உடைமையன்று. இப்பகுதியில் உளிபிடிக்கும் கைவினைஞர் அனைவர்க்கும் பொது. தம் பட்டறைக்குத் தனிப்பெயர் வைத்து, அதன்கீழ் அப்பொதுப்பெயரையும் எழுதுவது அறிவுடைமை.

இறுதியாகத் தொழில்முறைச் செய்தி ஒன்று. பலகையில் தமிழ்ப்பெயரை எழுதிவிட்டுப் பற்றுச்சீட்டிலும் முத்திரையிலும் பையிலும் ஆங்கிலத்தில் அச்சிடுவோர் பலர். ஆங்கில எழுத்தில் ளகரமும் லகரமும் ஒன்றே. கள்ளக்குறிச்சியே அங்குக் 'கல்லக்குரிச்சி' ஆகிவிடுகிறது. அச்சகத்திற்குப் போகுமுன் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதி, ள, ழ, ற ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கி, நான்கிடத்தும் ஒன்றுபோல் அச்சிடச் சொல்லுங்கள்.