ஃப்ளைட்ல தூங்க ஒரு நெக் பில்லோ: முதல்ல உங்க தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு டாபிக் நெக் பில்லோ. சிரிக்காதீங்க. ஒரு எபிசோட் முழுக்க பேசுற அளவுக்கு இதுல விஷயம் இருக்கு.

நம்ம திருப்பூர் பக்கத்துல இருந்து லாங் ஃப்ளைட் ஏறுறவங்க பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு, தொழிலுக்காகப் போறவங்க. பையரைப் பார்க்கணும், சாம்பிள் காட்டணும், இல்ல மெஷின் பார்க்கணும். 2023 ஜூன்ல மிலன் நகரத்துல ஐடிஎம்ஏ டெக்ஸ்டைல் மெஷினரி கண்காட்சி நடந்துச்சு. அது மாதிரி இடத்துக்குப் போனா, இறங்கின மறுநாளே ஹால் ஹாலா நடக்கணும், விலை பேசணும். கழுத்து ஒரு பக்கமா பிடிச்சிருந்தா அந்த நாளே போச்சு.

ரெண்டாவது வகை, நம்ம அம்மா அப்பா. பையனோ பொண்ணோ அமெரிக்காவுல வேலையில இருப்பாங்க, பேரக்குழந்தை பிறந்திருக்கும். அறுபது வயசுக்கு மேல முதல் தடவையா ஃப்ளைட் ஏறுவாங்க. கோயம்புத்தூர்ல இருந்து சிங்கப்பூர் வரைக்கும் நாலரை மணி நேரம், அங்க இருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 15 மணி நேரம். எல்லாம் எகானமி சீட்ல. இறங்கினதும் குழந்தையத் தூக்கணும்னு ஆசையா போறவங்க, கழுத்தத் திருப்ப முடியாம மூணு நாள் படுத்துட்டா எப்படி இருக்கும்?

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நாம ஒரு நெக் பில்லோ வாங்கிக் கொடுக்குறோம். கடையில எடுத்து அமுக்கிப் பார்க்குறோம், "நல்லா மெத்துனு இருக்கு"ன்னு வாங்கிடுறோம். இங்கதான் கேள்வி தப்பாகுது. மெத்துனு இருக்கறது படுத்துத் தூங்குற தலையணைக்கான குணம். உக்காந்து தூங்கும்போது வேண்டியது, தலை விழாம பிடிக்கிற ஒரு தாங்கி. பந்தலுக்குக் கால் நடுற மாதிரி.

தலை ஏன் விழுது?

பெரியவங்களோட தலை சுமார் நாலரையில இருந்து அஞ்சு கிலோ இருக்கும். அதைத் தாங்குறது கழுத்துல இருக்கற 7 எலும்புகளும் அதைச் சுத்தி இருக்கற தசைகளும். முழிச்சிருக்கும்போது தசை வேலை செய்யும். தூக்கம் ஆழமாகும்போது தசை தளரும், தலை சாயும். டக்குனு முழிப்பு வரும். மறுபடி தூங்குவோம், மறுபடி சாயும். ராத்திரி முழுக்க இதே கதைதான்.

சாய்ஞ்ச தலைக்கு பாரமும் கூடும். 2014-ல கென்னத் ஹன்ஸ்ராஜ்னு ஒரு முதுகெலும்பு சர்ஜன் கம்ப்யூட்டர் மாடல் ஒண்ணு போட்டுப் பார்த்தார். போன் பார்க்க குனியுறதைப் பத்தின கணக்கு அது. தலை 15 டிகிரி முன்னால குனிஞ்சா கழுத்துல விழுற பாரம் சுமார் 12 கிலோ, 60 டிகிரி குனிஞ்சா சுமார் 27 கிலோன்னு அந்த மாடல் சொல்லுது. மாடல்தான், ஒவ்வொருத்தர் கழுத்துக்கும் இதே நம்பர் வரும்னு இல்ல. ஆனா குனியக் குனிய பாரம் ஏறுதுங்கறது தெளிவு.

இப்போ கடையில கிடைக்கிற சாதாரண யூ ஷேப் பில்லோவப் பாருங்க. பின் கழுத்துப் பக்கம்தான் நல்ல தடிமனா இருக்கும். ஃப்ளைட் சீட்டோட ஹெட்ரெஸ்ட் ஏற்கெனவே கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கும். அதுக்கும் கழுத்துக்கும் நடுவுல இந்தத் தடிமனை வெச்சா தலையை இன்னும் முன்னால தள்ளும். முன் பக்கமோ திறந்து கிடக்கு. தாடை நேரா நெஞ்சுல போய் விழும். எந்த வலிக்காக வாங்கினோமோ அதை பில்லோவே கொடுக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி டெஸ்ட்

சாஃப்ட்வேர்ல ரிக்வயர்மென்ட் தெரியாம கோட் எழுதக்கூடாதுன்னு சொல்லுவோம்ல? இங்க ரிக்வயர்மென்ட் ஒரே வரிதான்: உக்காந்து தூங்கும்போது உங்க தலை எந்தப் பக்கம் சாயுது?

கண்டுபிடிக்க ஃப்ளைட் ஏற வேண்டாம். கோயம்புத்தூர்–சென்னை வந்தே பாரத் 2023 ஏப்ரல்ல இருந்து ஓடுது, திருப்பூர்லயும் நிக்குது. கிட்டத்தட்ட 6 மணி நேரம் உக்காந்தே போறோம். கூட வர்றவங்ககிட்ட சொல்லி, நீங்க தூங்கும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அம்மா அப்பாவுக்கு வீட்டுல டிவி முன்னாடி சேர்ல கண் அசரும்போது நீங்களே எடுக்கலாம். அவங்க திட்டுனா அதுக்கு நான் பொறுப்பில்ல.

தலை பக்கவாட்டுல சாயுதுன்னா, ரெண்டு பக்கமும் உயரமா, அழுத்தமா இருக்கற பில்லோ வேணும். முன்னால விழுதுன்னா, தாடைக்குக் கீழ வந்து மூடுற மாதிரி, கொக்கியோ கயிறோ போட்டு இழுத்துக்கிற மாதிரி இருக்கணும். ரெண்டு வகைக்கும் பொதுவான விதி ஒண்ணு: பின் பக்கம் மெலிசா, தட்டையா இருக்கணும்.

அடுத்து அளவு. திருப்பூர்ல டேப் இல்லாத வீடு இருக்குமா? நேரா உக்காந்து, தோள்ல இருந்து காது மடல் அடி வரைக்கும் எவ்வளவு உயரம்னு அளந்துக்குங்க. பில்லோவைக் கையால நல்லா அழுத்தின பிறகும் பக்கவாட்டு உயரம் ஏறக்குறைய அந்த அளவுக்கு நிக்கணும். அழுத்தினதும் பாதியாகுதுன்னா தலையும் அந்த அளவுக்கு இறங்கும். குள்ளமான கழுத்து இருக்கறவங்களுக்கு உயரமான பில்லோ காதைத் தள்ளும், அதுவும் ஆகாது. அதனால அப்பாவுக்கு வாங்கினதையே அம்மாவுக்கும் ஜோடியா வாங்காதீங்க.

காசு செலவு பண்ணாம ஒரு மாதிரியும் செஞ்சு பார்க்கலாம். ஒரு குளிக்கிற டவலை நீளவாக்குல இறுக்கமா சுருட்டி, கழுத்தைச் சுத்தி முன்னால கொண்டுவந்து தாடைக்குக் கீழ முடியுங்க. மூச்சுக்குத் தடையில்லாம தளர்வாதான் இருக்கணும். ஒரு அரை மணி நேரம் சேர்ல சாய்ஞ்சு பாருங்க. இதுவே வசதியா இருந்தா, உங்களுக்கு முன் பக்கத் தாங்கல்தான் தேவைன்னு அர்த்தம். ஸ்காட்லாந்துல இருந்து வந்த ட்ரட்ல் பில்லோவும் கிட்டத்தட்ட இந்த ஐடியாதான். ஒரு ஸ்கார்ஃப், உள்ளே ஒரு பக்கம் மட்டும் வளைஞ்ச பிளாஸ்டிக் தாங்கி.

உள்ளே என்ன அடைச்சிருக்கு?

மலிவான பில்லோவுல பாலியஸ்டர் ஃபைபர் இருக்கும். எடை கம்மி, துவைக்கலாம். ஆனா சீக்கிரம் அமுங்கிடும். குட்டி குட்டி தெர்மாகோல் மணி அடைச்சது தொட சுகமா இருக்கும், ஆனா தலை சாய்ஞ்ச இடத்துல இருந்து மணியெல்லாம் நகர்ந்து ஓடிடும், தாங்காது. போடி பக்கத்து இலவம் பஞ்சு படுத்துத் தூங்க அருமை. உக்காந்து தூங்குறப்ப அதுவும் ஒதுங்கிடும். உள்ளூர்ல யாராவது பனியன் வேஸ்ட் அடைச்சுத் தெச்சுக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க. கனமா இருக்கும், கட்டி கட்டியா நிக்கும்.

மெமரி ஃபோம் இந்த வேலைக்கு நல்லா பொருந்தும். அது பிறந்ததே விமான சீட்டுக்காகத்தான். 1966-ல நாசாவோட ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட்னு ஒரு இன்ஜினியர் உருவாக்கினார். கையால அமுக்கி விட்டா மெதுவா எழும்பி வரணும். டக்குனு எழும்பினா அது சாதா ஸ்பாஞ்ச். ஒரு விஷயம் கவனிங்க: இந்த ஃபோம் சூட்டுல இளகும், குளிர்ல இறுகும். மே மாசம் ஏசி இல்லாத கடையில பார்த்து "ரொம்ப சாஃப்டா இருக்கே"ன்னு ஒதுக்கினது, குளிரடிக்கிற கேபின்ல சரியா நிக்கலாம். முடிஞ்சா ஏசி ரூம்ல வெச்சுப் பார்த்து முடிவெடுங்க.

ஊதுற பில்லோ வாங்குறவங்களுக்கு ஒரு பிசிக்ஸ். விமானம் மேல ஏறும்போது கேபின் காத்தழுத்தம் குறையும். அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில உக்காந்திருக்கற அளவுக்கு அது குறையலாம். கடல் மட்டத்துல அடைச்ச காத்து அந்த அழுத்தத்துல விரியணும்னா மூணுல ஒரு பங்கு கூடுதல் இடம் கேக்கும். ஸ்கூல்ல படிச்ச பாயில் விதிதான். அதனால தரையிலயே ஃபுல்லா ஊதிட்டு ஏறினா, மேல போனதும் கழுத்தை இறுக்கும். மேல போய் நிலையா பறக்க ஆரம்பிச்ச பிறகு, முக்கால்வாசி மட்டும் ஊதுங்க.

கவர்: இது நம்ம ஏரியா

கவர் விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களை யாரும் ஏமாத்த முடியாது, முடியவும் கூடாது. மணிக்கணக்கா வேர்க்கிற கழுத்துலயும் கன்னத்துலயும் உரசுற துணி இது. காட்டன் வியர்வையை இழுக்கும், ஆனா காய நேரம் எடுக்கும். பாலியஸ்டர் வெல்வெட் சீக்கிரம் காயும், பார்க்க பளபளன்னு இருக்கும், ஆனா புழுங்கும். மெலிசான சிங்கிள் ஜெர்சி போட்டா ரெண்டு மூணு வாஷ்ல ஷேப் போயிடும். இன்டர்லாக் மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற நிட் துணி நிக்கும்.

தெரிஞ்சவங்க பனியன் கம்பெனியில இருந்தா ஜிஎஸ்எம் பார்த்துத் தரச் சொல்லுங்க. ரவுண்ட் கட்டர் வெட்டுறது 100 சதுர சென்டிமீட்டர். அந்தத் துண்டு 2.2 கிராம் இருந்தா 220 ஜிஎஸ்எம். கொஞ்சமா லைக்ரா கலந்திருந்தா கவர் ஃபோமோட ஒட்டி நிக்கும், சுருங்காது. ஆனா கவர் அளவு சின்னதா இருந்து ரொம்ப இறுக்கினா, நல்ல ஃபோம் கூட கல்லு மாதிரி ஆயிடும்.

கடையில மறக்காம பார்க்க வேண்டியது நாலு. ஜிப் இருக்கா, கவரைக் கழட்டித் துவைக்க முடியுமா? ஜிப்பு கழுத்துப் பக்கம் வருதா, வெளிப் பக்கம் வருதா? தையல் தடிப்பு தாடை படுற இடத்துல குத்துதா? உள்ளங்கையால பத்து தடவை அழுத்தித் தேய்ச்சா துணியில குட்டி உருண்டை கிளம்புதா? தாடி வெச்ச ஆளுங்க இந்த நாலாவதை ரெண்டு தடவை செய்யுங்க. லேபிள்ல ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 இருந்தா, தீங்கான கெமிக்கலுக்கு டெஸ்ட் பண்ணின துணின்னு எடுத்துக்கலாம். நாம வெளிநாட்டுக்கு அனுப்புற குழந்தை டிரஸ்ல பார்த்துப் பார்த்து வாங்குற சர்டிபிகேட்தான். நம்ம அம்மா கழுத்துக்கும் கேக்கலாமே.

சீட்ல உக்காந்த பிறகு

நல்ல பில்லோ வாங்கியும் தூக்கம் வரலன்னா, முக்கால்வாசி நேரம் பிரச்சனை இடுப்புல இருக்கும். இடுப்பு முன்னால சறுக்கினா முதுகு வளையும், கழுத்தும் கூடவே போகும். ஃப்ளைட்ல கொடுக்கற போர்வையைச் சுருட்டி கீழ் முதுகுக்கு வைங்க. சீட்டை ஒரு அளவு சாய்ங்க. நிறைய ஃப்ளைட்ல ஹெட்ரெஸ்டோட ரெண்டு ஓரமும் உள்பக்கம் மடங்கும். அதை மடக்கிப் பாருங்க. சிலருக்கு பில்லோவே தேவைப்படாது. பில்லோ முன்னால மூடாத ரகமா இருந்தா, திருப்பிப் போட்டு தடிமனான பக்கத்தைத் தாடைக்குக் கீழ கொண்டு வாங்க. சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேல தெரியற மாதிரி போட்டுக்கிட்டா, செக் பண்ண வர்றவங்க உங்களை எழுப்ப மாட்டாங்க.

தூக்கம் நல்லா வருதுன்னு 15 மணி நேரமும் அசையாம இருக்கக்கூடாது. 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்ணினா கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல வெளியிட்ட ஆய்வு சொல்லுச்சு. மொத்தமா பார்த்தா அது சுமார் 6,000 பேர்ல ஒருத்தர்தான், பயப்பட வேண்டாம். முழிப்பு வர்றப்பல்லாம் எந்திரிச்சு ரெண்டு நடை நடக்கணும், கணுக்காலைச் சுத்தணும். இதை அம்மா அப்பாகிட்ட கட்டாயம் சொல்லி அனுப்புங்க. "பக்கத்து சீட்டுக்காரங்களை எழுப்பணுமே"ன்னு கூச்சப்பட்டு நம்ம பெரியவங்க அப்படியே உக்காந்திருப்பாங்க. முடிஞ்சா அவங்களுக்கு நடைபாதை ஓர சீட்டே போட்டுடுங்க. சாய்ஞ்சு தூங்க ஜன்னல் சீட் வசதிதான், ஆனா அவங்களுக்கு எந்திரிக்க முடியறது அதைவிட முக்கியம். ஃப்ளைட் இறங்க ஆரம்பிக்கும்போது முழிச்சிருக்கணும். எச்சில் விழுங்கினாதான் காது அடைப்பு விடும்.

ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கு, கை மரத்துப் போகுதுன்னா, டிக்கெட் போட்டதுமே டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்கு பில்லோ பதில் ஆகாது.

கடைசியா ஒண்ணு. வாங்கின பில்லோவ பேக்கோட அப்படியே கொடுத்து அனுப்பாதீங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீட்டு சேர்ல தினமும் அரை மணி நேரம் போட்டு உக்காரச் சொல்லுங்க. சரிப்படலன்னா மாத்த டைம் இருக்கும். சான் பிரான்சிஸ்கோ போற வழியில மாத்த முடியாது.

உங்க வீட்டுல யாராவது இந்த மாசம் கிளம்புறாங்கன்னா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம், வர்றேனுங்க!