தனி இசைவாணரும் இணையப் பிளேயரும்

இசைவாணர் ஒருவர் தம் பாட்டை ஊரறியச் செய்வதற்கு முன்னாளில் மூன்று வழிகளே இருந்தன. சபா மேடை ஒன்று. இசைத்தட்டுக் கம்பனி ஒன்று. வானொலி நிலையம் ஒன்று. மூன்று வாயில்களிலும் காவலர் நின்றனர். சபாவின் செயலாளர், கம்பனியின் முகாமையாளர், வானொலியின் குரற்றேர்வுக் குழுவினர் ஆகியோர் இசைந்தாலன்றிப் பாட்டு வெளியே செல்லாது. இவர்கள் இசைக்குப் பகைவர் அல்லர். ஆயினும், அவர்தம் தேர்வுக்கு அகப்படாத நல்ல குரல்கள் பல, எந்நாட்டிலும் கேட்பாரற்றுப் போயின. இணையம் வந்த பின்னர் இந்நிலை மாறிற்று. எந்தக் கம்பனியோடும் ஒப்பந்தம் செய்யாது, தாமே பதிவு செய்து தாமே வெளியிடும் தனி இசைவாணர் இன்று உலகெங்கும் உளர். காவலரைக் கடந்து வந்துவிட்ட இவர்கள் முன் வேறொரு வினா நிற்கின்றது. பாட்டை எங்கே வைப்பது? நாடி வருவோர் அதனை எதன் வழியாகக் கேட்பது?

வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே கிற்றார் இசைக்கும் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்ளலாம். பகலில் வேறு தொழில், இரவில் இசை. பன்னிரண்டு பாடல்களை வீட்டு அறையிலேயே பதிவு செய்துள்ளார். தம் பெயரில் ஓர் இணையப் பக்கமும் வைத்திருக்கின்றார். அப்பக்கத்தின் நடுவே சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதிலுள்ள முக்கோணக் குறியை அழுத்தினால் பாட்டு ஒலிக்கும். இதனையே பதிக்கத்தகும் பிளேயர் என்பர்.

பார்ப்பவர்க்குப் பாட்டு அந்தப் பக்கத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும்; உண்மை வேறு. பாட்டு இருப்பது எங்கோ தொலைவில், ஒரு கம்பனியின் சேமிப்புக் கணினியில். பக்கத்தில் இருப்பது அக்கணினியை அழைக்கும் சில வரி நிரல் மாத்திரமே. தம் வீட்டுச் சுவரில் ஒரு சாளரம் வைத்து, அதன் வழியே பிறருடைய பண்டகசாலையில் உள்ள பொருளைக் காட்டுவதற்கு இது நிகர். பண்டகசாலைக்காரர் கதவை அடைத்துவிட்டால், சாளரம் இருக்கும், பொருள் இராது.

இஃது அச்சுறுத்தும் கற்பனை அன்று. 1997 ஆம் ஆண்டிற் தொடங்கிய எம்.பி.3 டொட் கொம் என்னும் தளம், தனி இசைவாணர் பலருடைய முதற் புகலிடமாய் விளங்கிற்று. அது கைமாறிக் கைமாறி, 2003 டிசெம்பரில் மூடப்பட்டது. அங்கே ஏற்றப்பட்டிருந்த பாடல்களின் பெருந்தொகுதியும் அதனோடு மறைந்தது. அவ்வாண்டே தோன்றிய மைஸ்பேஸ், அந்த இடத்தை நிரப்பியது. சில ஆண்டுகளுக்கு அதன் பிளேயர் இல்லாத இசைக்குழுவே இல்லையெனும் அளவுக்கு அது பரவியிருந்தது. 2019 மார்ச்சில், 2016 ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கே ஏற்றப்பட்ட பாடல்கள் யாவும் கணினி மாற்ற வேலையின்போது அழிந்துபோயின என்னும் செய்தி வெளியாயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் இசைவாணர்களின் 5 கோடிப் பாடல்கள் இழக்கப்பட்டன என அப்போது கணிக்கப்பட்டது. ஆய்வுத் தேவைக்காக ஒரு கல்விக் குழுவினர் முன்னரே எடுத்து வைத்திருந்த படிகளிலிருந்து சுமார் 4 இலட்சத்து 90 ஆயிரம் பாடல்களை இன்ரநெற் ஆக்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகம் மீட்டு வெளியிட்டது. நூற்றுக்கு ஒன்றேனும் தேறாத மீட்பு அது.

இவ்விழப்பின் கொடுமை எண்ணிக்கையில் இல்லை. புகழ்பெற்றவர் பாட்டுக்கு ஆயிரம் படிகள் உண்டு, அவை அழியா. இளமையில் நண்பர் நால்வர் கூடிப் பதிவு செய்த பாடல், பின்னர் கணினி பழுதுற்றதனால் வீட்டில் இல்லை. நண்பருள் ஒருவர் காலமாகியும் இருக்கலாம். 'மைஸ்பேசில் இருக்கின்றதே' என்ற நம்பிக்கையில் எவரும் வேறு படி எடுத்திலர். அத்தகைய பாடல்களே அன்று போயின. காட்சிக்கு வைத்த இடத்தைக் காப்பிடம் எனக் கருதியதால் வந்த வினை இது.

பண்டகசாலை நன்றாயிருக்கவும், சாளரம் பழுதுற்ற காலமும் உண்டு. ஆரம்ப கால இணையப் பிளேயர்கள் பெரும்பாலும் பிளாஷ் என்னும் மென்பொருளால் ஆக்கப்பட்டவை. 2007 இல் வந்த ஐபோன் அதனை ஏற்கவில்லை. கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்போர் பெருகப் பெருக, அப்பிளேயர்கள் வெறும் சாம்பற் கட்டங்களாயின. ஈற்றில் அடோபி கம்பனியே 2020 டிசெம்பர் 31 உடன் பிளாஷுக்கான ஆதரவை நிறுத்திற்று. 2014 இல் உலகப் பொது நியமமாக ஏற்கப்பட்ட எச்.ரி.எம்.எல். 5, உலாவியே நேராகப் பாட்டை இசைக்க வழி செய்தது. இன்றைய பிளேயர்கள் அதன்மேல் நிற்பவை. ஆதலால் இக்கவலை பெருமளவு நீங்கிற்று எனலாம்.

இனி, இன்று தெரிவுக்கு உள்ளவற்றை நோக்குவோம்.

சவுண்ட்கிளவுட், சுவீடன் நாட்டவர் இருவர் 2007 இல் நிறுவி, பேர்லின் நகரிலிருந்து வளர்த்த சேவை. பாட்டின் ஏற்ற இறக்கங்களை அலைவடிவமாக வரைந்து காட்டுவதும், இந்த வினாடியில் இந்த இடம் நன்று எனக் கேட்போர் அவ்வலையின் மீதே குறிப்பு எழுதக்கூடியதாய் இருப்பதும் அதன் தனிச் சிறப்புகள். பாடகர்க்கு இவ்வகைக் குறிப்பு பெரிதும் பயன்படும். 'நன்றாயிருந்தது' என்னும் பொதுப் பாராட்டிலும், 'இரண்டாம் சரணத்தில் சுருதி இறங்கிற்று' என்னும் ஒரு வரி மேலன்றோ? இலவசக் கணக்கில் ஏற்றக்கூடிய நேரத்துக்கு வரம்பு உண்டு. பாட்டு முடிந்ததும் பிறருடைய பாடல்களைக் காட்டும் இயல்பும் அப்பெட்டிக்கு உண்டு. அதனை நிறுத்தும் ஒரு சொல் நிரலில் இருந்தும், அறியாத பலர் தம் பக்கத்திலேயே பிறருக்கு விளம்பரம் செய்கின்றனர். 2017 யூலையில் அக்கம்பனி 173 ஊழியரை, அஃதாவது நூற்றுக்கு நாற்பது பேர் அளவில், விலக்கியது. அடுத்த மாதம் புதிய முதலீடு வந்திராவிடில் அதன் கதி யாதாயிருக்கும் என்பது வெளிப்படை.

பான்ட்காம்ப் 2008 இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் பெட்டியில் கேட்கும் பொத்தானுக்கு அருகிலேயே வாங்கும் வழியும் இருக்கும். கேட்க வருபவர் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. பாட்டை விற்ற தொகையில் நூற்றுக்கு 15 பங்கும், இசைத்தட்டு முதலிய பொருள்களை விற்றதில் 10 பங்கும் கம்பனிக்குச் சேரும். பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் வேறு. 7 டொலருக்கு ஒரு தொகுப்பு விற்றால் 1 டொலர் 5 சதம் கம்பனிக்கு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து, குறித்த சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வழக்கத்தை அது ஏற்படுத்தியது. இத்தகைய நற்பெயர் பெற்ற கம்பனியும் 2022 இல் எபிக் கேம்ஸ் என்னும் விளையாட்டு மென்பொருட் கம்பனிக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே சோங்டிரேடர் என்னும் மற்றொன்றுக்குக் கைமாறி, ஊழியருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வேலை இழந்தனர். சேவை நிற்கவில்லை. ஆயினும், இரண்டு ஆண்டுக்குள் மூன்று உடைமையாளரைக் கண்ட கடை அது என்பதை, அங்கே சரக்கு வைப்போர் மறத்தல் ஆகாது.

ஸ்பொட்டிஃபையின் பெட்டி அழகியது, பெயரும் பெரியது. ஆயின், அங்கே கணக்கு வைத்து உட்புகாதவர்க்கு அப்பெட்டியில் ஏறத்தாழ அரை நிமிட மாதிரியே ஒலிக்கும். பெயர் அறியாத ஒரு பாடகரின் வாசலுக்கு எவரோ ஒருவர் அரிதாய் வந்து நிற்கின்றார். பாட்டு பல்லவியைத் தாண்டுமுன் நின்றுவிடுகின்றது. வந்தவர் திரும்பிச் செல்கின்றார். இசைவாணர் தாமே நேராக அங்கே பாட்டை ஏற்றவும் இயலாது; விநியோகத்தர் ஒருவர் வேண்டும். மேலும், 2024 முதல், ஓராண்டில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கணக்கிடப்படுவதில்லை. யூரியூப் எல்லோரையும் எட்டும் என்பது மெய். விளம்பரங்களும், முடிவில் வந்து நிற்கும் பிறர் காணொளிகளும் அந்த எட்டலுக்கு விலை. பாட்டு மாத்திரம் வேண்டியவர், படத்துக்கும் சேர்த்துத் தரவுச் செலவு செய்ய நேரும்.

இவ்வளவும் பிறர் பண்டகசாலைகள். தம் பாட்டைத் தாமே வைத்திருப்பது இயலாதோ எனின், இயலும். தமக்கென ஒரு தளப்பெயரும் வாடகைச் சேமிப்பிடமும் உடையவர் பாட்டுக் கோப்பை அங்கே இட்டு, எச்.ரி.எம்.எல். 5 இன் ஒலிக்குறி ஒன்றைப் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். கோப்புகளை ஒரு கோப்புறையில் இட்டுக் கொடுத்தால், முழு இசைத் தளத்தையும் ஆக்கித் தரும் ஃபெயர்காம்ப் போன்ற இலவச மென்பொருள்களும் உள. செலவைக் கணக்கிடுதல் எளிது. வினாடிக்கு 128 கிலோபிற் அளவில் எம்.பி.3 ஆக்கிய நான்கு நிமிடப் பாட்டு 4 மெகாபைற்றுக்குச் சற்றுக் குறைவு. 320 கிலோபிற் அளவில் ஆக்கினால் 10 மெகாபைற்றுக்குச் சற்றுக் குறைவு. குறுந்தட்டின் தரத்தில் சுருக்காது வைத்தால் 42 மெகாபைற்று. முதல் வகையை ஆயிரம் பேர் கேட்டால், சேமிப்பிடத்திலிருந்து செல்வது 4 கிகாபைற்றுக்கு உட்பட்ட தரவே. சிறிய வாடகைத் திட்டங்களும் இதனைத் தாங்கும்.

எனினும், தம் கடையைத் தாமே நடத்துபவர்க்குத் தாமே காவல். ஓராண்டு வாடகை செலுத்த மறந்தால் எல்லாம் மறையும். புதிய கேட்போரைக் கூட்டி வரும் சந்தையும் அங்கே இல்லை. இன்ரநெற் ஆக்கைவ் கட்டணமின்றிப் பாட்டை வைத்துப் பெட்டியும் தருகின்றது. தம் பாட்டை எல்லோர்க்கும் வழங்க விரும்புவோர்க்கு அது தகும், விற்போர்க்கு அன்று. 2024 ஒக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் அதுவும் சில நாள் முடங்கிற்று.

இவற்றை ஒப்புநோக்குமிடத்து, வேல்ஸ் நாட்டுக் கிற்றார்க்காரர் போன்றவர்க்கு ஒன்று பொருந்தும் எனத் தோன்றுகின்றது. தளப்பெயர் தம்முடையதாக இருக்க வேண்டும். அச்சிட்ட அட்டையிலும் இசைத்தட்டின் உறையிலும் அந்த முகவரியையே குறிக்க வேண்டும். எந்தக் கம்பனியின் முகவரியையும் குறித்தல் ஆகாது. அப்பக்கத்துள்ளே, விற்கும் நோக்கம் இருப்பின் பான்ட்காம்ப் பெட்டியைப் பதிக்கலாம். பாட்டைப் பற்றிய கருத்து வேண்டுமெனின் சவுண்ட்கிளவுட் பெட்டியைப் பதிக்கலாம். நாளை ஒன்று மூடப்பட்டால், அப்பக்கத்திற் சில வரி நிரலை மாற்றுவதோடு காரியம் முடியும். கேட்போர் அறிந்த முகவரி மாறாது.

பதிக்கு முன் சில சிறு சோதனைகள் செய்தல் நன்று. மலிவான கைத்தொலைபேசி ஒன்றில், வேகம் குறைந்த இணைப்பில், பெட்டி எத்தனை வினாடியில் தோன்றுகின்றது என நோக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தனக்குரிய நிரலையெல்லாம் இழுத்துக்கொண்டு வருவதால், பன்னிரண்டு பாட்டுக்குப் பன்னிரண்டு பெட்டி வைத்த பக்கம் திறப்பதற்குள் வந்தவர் பொறுமை இழப்பார். ஒரு பெட்டியில் ஒரு தொகுப்பு என வைப்பதே முறை. பக்கம் திறந்தவுடன் தானாகவே பாடத் தொடங்கும் பெட்டியைப் பலர் விரும்புகின்றனர். அலுவலகத்தில் இருந்து திறந்தவர் படும் பாட்டை அவர்கள் எண்ணவில்லை போலும். 2018 இல் குரோம் உலாவி இவ்வழக்கத்தைத் தடுத்தமை வரவேற்கத்தக்கதே. பார்வையற்றோர் திரைவாசிப்பான் கொண்டு அப்பொத்தானை இயக்க முடிகின்றதா என்பதும் நோக்கற்பாலது. பாட்டுக் கேட்போருள் அவர்கள் சிறு தொகையினர் அல்லர்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். விற்ற தொகை பேபால் போன்ற இடைநிலைச் சேவைகள் வழியாகவே பெரும்பாலும் வந்து சேரும். அச்சேவைகள் எல்லா நாட்டவர்க்கும் பணம் பெறும் வசதியை அளிப்பதில்லை. தம் நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் வந்து சேருமா என்பதைப் பாட்டை ஏற்றிய பின்னரன்று, ஏற்றுவதற்கு முன்னரே விசாரித்தல் வேண்டும்.

எந்தப் பெட்டியைத் தெரிந்தாலும், மூலப் பதிவு வீட்டில் இருக்க வேண்டும். எம்.பி.3 படி போதாது. சுருக்கத்தின்போது இழந்த ஒலி திரும்ப வாராது. வேவ் அல்லது ஃபிளாக் வடிவில், இரண்டு தனித்தனித் தட்டுகளில் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒப்படைக்கலாம். பாட்டின் பெயர், இயற்றியவர், உடன் இசைத்தோர், பதிவு செய்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அத்தட்டோடு சேர்த்து வைப்பது நன்று. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு தட்டுகளையும் கணினியில் இட்டு, ஒவ்வொரு பாட்டும் இறுதிவரை ஒலிக்கின்றதா எனக் கேட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பாடல்களுக்குத் தட்டு ஒன்றுக்கு ஒரு மணி நேரமே செல்லும்.