பெயரில் தங்கிய ஊர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் ஊரை நினைந்து பேசக் கூடியுள்ள இவ்வேளையில், இதே மராட்டிய மண்ணில் நமக்கு நெடுங்காலம் முன்னரே வந்து குடியேறிய ஒரு மக்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஆகுர்டியில் ரயிலேறிப் புனே சென்று இறங்கினால், கேம்ப் பகுதியில் செங்கல்லால் எழுந்த உயர்ந்த கோபுரம் ஒன்றைக் காணலாம். ஊரார் அதனை 'லால் தேவுள்', அதாவது செங்கோயில், என்பர். அது யூதர் தொழுகைக்கூடம். பாக்தாத் வணிகர் டேவிட் சசூன் 1863-இல் தொடங்கியது, 1867-இல் நிறைவெய்தியது. எனினும் நாம் சொல்ல வந்தது அச்செல்வரைப் பற்றியன்று. 1921-இல் ராஸ்தா பேட்டையில் தமக்கென ஒரு கூடம் எழுப்பிக்கொண்ட 'பெனே இஸ்ரவேல்' மக்களைப் பற்றியே.

கப்பல் உடைந்து, ஆடவர் எழுவரும் பெண்டிர் எழுவரும் மட்டும் அலிபாகை அடுத்த நவ்காவ் கரையில் ஒதுங்கினர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. கொங்கணச் சிற்றூர்களில் செக்காட்டிப் பிழைத்தனர். எபிரேயம் மறந்தது, மராத்தியே தாய்மொழியாயிற்று. ஆயினும் சனிக்கிழமை அவர்கள் செக்கு ஓடாது. அதனால் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர், என்றே பெயர் பெற்றனர். ஓய்வுநாளும், விருத்தசேதனமும், உணவு விலக்கும், 'ஷெமா' என்னும் மன்றாட்டும் எஞ்சின. எலியா தீர்க்கதரிசியை நினைந்து அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்து 'மலிதா' படைப்பர். நம் வீட்டு அவலை நினைவூட்டும் படையல்!

பேண் என்னும் ஊரார் பேண்கர். ரோஹா ஊரார் ரோஹேகர். நவ்காவ் ஊரார் நவ்காவ்கர். தொழுகையில் எருசலேம்; பெயரிலோ கொங்கணம்.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் அவருட் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். மூதாதையர் மண் என நம்பிச் சென்ற இடத்திலே, 'இவர் முழு யூதர்தாமா?' என மணவினையின்போது மதத் தலைவர்கள் வினவினர். எத்துணைக் கொடிய வினா! அம்மக்கள் வாளா இருக்கவில்லை. எருசலேமில் திரண்டு கிளர்ச்சி செய்தனர். அவர்கள் எவ்வகையிலும் குறையாத யூதரே என 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அறிவித்தது. அவ்வாறு உரிமை பெற்ற அவர்களே 'மாய்போலி' எனும் மராத்தி இதழையும் அங்கு நடத்தினர். ஒரு தாயகத்தை அடைவதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டும் என அவர்கள் கருதவில்லை.

இனி நம் நிலை. நம் பாட்டனார் பெயர்முன் ஊரின் முதலெழுத்து நின்றது. இங்குப் பள்ளிப் படிவத்தில் குடும்பப்பெயர் கேட்கின்றனர்; தந்தை பெயரை எழுதித் தருகின்றோம்; ஊரெழுத்து உதிர்ந்துவிடுகின்றது. 'உன் ஊர் எது?' எனின், பிள்ளை 'ஆகுர்டி' என்கின்றான். சரியே, அவன் பிறந்த மண் இதுதான். ஆனால் பாட்டனார் ஊரின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டுவானா?

ஆதலின் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலருக்கு ஒவ்வோர் இல்லத்துப் பிள்ளையும் தன் பாட்டனார் ஊரின் பெயர், அவ்வூர் ஆறு அல்லது ஏரி, குடும்பம் அங்கிருந்து புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதித் தருக. பெரியோர் அருகிருந்து சொல்லலாம். எழுதும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும். தாள்கள் வாயிலில் வைக்கப்பட்டுள்ளன.