நம் தெருவிலிருந்தே ஓர் ஆசிரியை

(அறக்கட்டளையின் கல்விக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் அலுவலகத்துக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "கணக்குக்கு டீச்சர் கிடைப்பாங்களா பாய்?" பள்ளிக்கூடம் நடத்துகிறவரும் கேட்கிறார், பிள்ளையைப் பெற்ற தாயும் கேட்கிறார். நாமும் நாலு பேரிடம் விசாரித்து ஒருவரை அனுப்பி வைக்கிறோம். அவர் இரண்டு பஸ் மாறி வருகிறார். அரையாண்டுத் தேர்வுக்குள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் பின்னம் என்றால் என்னவென்று தெரியாமலே அடுத்த வகுப்புக்குப் போகிறது.

நாம் இருப்பது அம்பத்தூர். தொழிற்பேட்டையில் டர்னராக, ஃபிட்டராக வேலை பார்த்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஐ.டி.ஐ. முடித்த அன்றே யாரும் உங்களைத் தனியாக மெஷினில் நிறுத்திவிடவில்லை. அப்ரண்டிஸாகச் சேர்ந்தீர்கள், அனுபவப்பட்டவர் பக்கத்தில் நின்று கை பழகினீர்கள். அதற்கென்று 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்து, பழகுகிற காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு என்று ஆனது. இரும்பைக் கடைவதற்கே இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது, பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவரை மட்டும் முதல் நாளே நாற்பது பேர் முன்னால் தனியாக விட்டுவிடுகிறோம்.

பழகிக் கற்பிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அதையே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே ஒரு சிறுவனையே சிறுவர்களுக்கு ஆசானாக்கினார். 1797-ல் இதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது.

ஆனால் அந்த முறை நீடிக்கவில்லை. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனம்தான் அதில் முன்னுக்கு வந்தது. மூத்த பையன் தனக்குத் தெரிந்ததை ஒப்பிக்க வைத்தான். அதற்கு மேல் சொல்லித்தர அவனையும் யாரும் வளர்க்கவில்லை. உதவி ஆசிரியை என்ற பெயரில் ஒரு பெண்ணைக் குறைந்த காசுக்கு வருடக்கணக்கில் வைத்திருந்தால் நாமும் அதையேதான் செய்கிறோம். பழகுகிற காலத்துக்கு ஒரு முடிவு வேண்டும். முடிவில் அவள் கையில் ஒரு சான்றிதழும் வேண்டும்.

சமீபத்தில் நம் கண் முன்னால் நடந்ததைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தெருவிலிருந்தே தன்னார்வலர்களை எடுத்தார்கள். தொடக்க வகுப்புக்கு பிளஸ் டூ, அதற்கு மேல் பட்டப்படிப்பு, மாதம் 1,000 ரூபாய். பெரும்பாலும் பெண்களே வந்தார்கள். மறு ஆண்டு அரசுப் பள்ளிகளில் காலியாயிருந்த 13,331 இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை நியமித்துக்கொள்ளச் சொன்னபோது, தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும், உரிய கல்வித் தகுதியோடு இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். படிப்பு இருந்தவருக்கு மாலை வகுப்பு ஒரு படிக்கட்டாயிற்று. படிப்பு இல்லாதவர் அதே படியில் நின்றுவிட்டார்.

ஆகவே தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். "பி.எட். முடித்தால் எந்த வகுப்புக்கும் போகலாம்" என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறோம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது பிளஸ் டூ-வுக்குப் பிறகு படிக்கும் இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயம். அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம், பி.எட்., இரண்டாம் தாள். எந்த வகுப்பு என்று முடிவு செய்த பிறகு பணம் கட்டுங்கள்.

2025 செப்டம்பர் 1-ல் வந்த தீர்ப்பு இன்னும் பெரிது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைக் கூடுதல் நீதிபதிகள் அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்த வழக்கின் முதல் பெயரே அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் அறக்கட்டளை என்ற முஸ்லிம் அமைப்பின் பெயர்தான். முடிவு எப்படி வந்தாலும், நம் பிள்ளை தேர்வில் தேறியிருந்தால் அவளை யாரும் அசைக்க முடியாது. ஒரு முறை தேறினால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

இனி நம் ஏற்பாடு. முதல் வருடம் நான்கு பெண்களை மட்டும் எடுக்கிறோம். மாலை டியூஷன் மையத்தில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவார்கள். முதல் மூன்று மாதம் கவனிப்பதும், நோட்டுத் திருத்துவதும், பின்தங்கிய இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் மட்டும்தான். அடுத்த சேர்க்கையில் பட்டயப் படிப்புக்கோ பி.எட்.டுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது நன்கொடையிலிருந்தும் கொடுப்பதென்று இமாம் அவர்களைக் கேட்டே வைத்திருக்கிறோம். இரண்டு கணக்கும் கலக்காது.

"படிக்க வைத்த பிறகு கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டால்?" என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டார்கள். போகட்டுமே. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு வகுப்பறைக்கு ஆசிரியை கிடைப்பார். பத்திரம் எழுதி வாங்கப் போவதில்லை. வேலைக்கு அனுப்ப யோசிக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் தாயும் திரும்பிவிடுவாள். பி.காம். முடித்து வீட்டில் இருக்கும் மருமகளையும் கேட்டுப் பாருங்கள். மகளை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஆண்களும், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பெண்களும் வந்து விவரம் கேட்கலாம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் நகலைக் கொண்டு வாருங்கள். பட்டயப் படிப்புக்குப் பொதுவாக 50 சதவீதம் கேட்கிறார்கள், அதைப் பார்த்த பிறகுதான் எந்த வழி என்று சொல்ல முடியும்.