பெயர் எழுதப்படாத சிறுமி
(பூலாம்பாடி ஜும்ஆ உரை)



1839இல் பாரிஸில் புகைப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அன்றைய கருவியின் முன் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டும். கைக்குழந்தை அசையாதிருக்குமா? அமெரிக்கத் தென் மாநிலங்களில் எசமானின் குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ள அடிமைப் பெண்ணை அமர்த்தினார்கள். சிலர் சிறுமிகள்; தாமே குழந்தைகள். அத்தகைய படங்களில் மடியிலிருக்கும் குழந்தைக்குப் பெயர் உண்டு. ஏந்தியவளுக்குப் பெரும்பாலும் இல்லை. 1865இல்தான் அங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

நம் நாட்டில் 1843ஆம் ஆண்டுச் சட்டமே, அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாதென்றது. அதன் பின்னர் ஆங்கிலேயர் இல்லங்களில் எடுத்த படங்களில் குழந்தையுடன் நிற்பவள் கூலி பெற்றவள்தான். ஆனாலும் அவள் வெறும் 'ஆயா'.

பதினான்கு வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் குற்றம். நாமோ, "எங்கள் பிள்ளை மாதிரி" என்கிறோம். நம் பிள்ளை பள்ளிக்குப் போகும் நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது?

அனஸ் (ரலி) அவர்களைப் பத்து வயதில் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) நபிகளாரிடம் பணிவிடைக்காக விட்டார்கள். பத்தாண்டுகளில் ஒரு கடுஞ்சொல்லும் கேட்கவில்லை என்று அவர்களே அறிவித்துள்ளார்கள். அந்தப் பணியாளச் சிறுவரின் பெயரால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகள் நம்மை வந்தடைந்தன.

இன்று வீடு திரும்பியதும் நிக்காஹ் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில், யாருடைய குழந்தையையோ இடுப்பில் சுமந்தபடி ஒரு சிறுமி நிற்கிறாளா? அவள் பெயரை வீட்டாரிடம் கேளுங்கள். எத்தனையாம் வகுப்பு என்றும் கேளுங்கள்.